சூடான அறையில் பிலாட்டீஸ்: வேலூர் வெயிலில் அது வேண்டுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. சத்துவாச்சாரியில் குடியிருக்கிறோம். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நாற்காலியிலேயே இருப்பதால் மூன்று வருடமாக இடுப்பு வலி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்படும்படி எதுவுமில்லை, உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார்கள். பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வருடமாக மாதவிலக்கு முன்பின்னாக வருகிறது. திடீரென்று உடம்பு முழுக்கச் சூடு பரவுகிறது, படபடப்பாக இருக்கிறது, ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் 'ஹாட் பிலாட்டீஸ்' வகுப்புக்குப் போகிறாள். ஹீட்டர் போட்ட அறையில் செய்வார்களாம். உடம்பும் லேசாகிவிட்டது, மனசும் லேசாகிவிட்டது என்கிறாள். லீவுக்கு வந்தவள், 'நம்ம மாடியில் ஷீட் போட்ட ரூம் இருக்கே, மத்தியானம் ஜன்னலைச் சாத்திட்டு வீடியோ பார்த்துச் செய்யலாம்மா' என்கிறாள். செய்யலாமா? இடுப்பு வலியும் எடையும் குறையுமா?
— வாசகி, வேலூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

பிலாட்டீஸ் செய்யுங்கள். தள்ளிப் போடாமல் இந்த மாதமே தொடங்குங்கள். ஆனால் ஷீட் போட்ட மாடி அறையில், மத்தியானத்தில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேண்டவே வேண்டாம். ஒரு பிசியோதெரபிஸ்டாக இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் மகள் சொல்லும் பலன்கள் உண்மைதான். அவற்றில் எது பயிற்சியால் வருகிறது, எது சூட்டால் வருகிறது என்று பிரித்துப் பார்த்துவிட்டால், உங்களுக்கு எது வேண்டும் என்பது தானே விளங்கிவிடும்.

இந்தப் பயிற்சி முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர். சிறு வயதில் ஆஸ்துமா, எலும்பு வலுவிழக்கும் ரிக்கெட்ஸ் என்று நோஞ்சானாக இருந்து, உடற்பயிற்சியாலேயே தேறியவர். முதல் உலகப் போர் சமயத்தில் பிரிட்டனில் ஜெர்மானியர்களை அடைத்து வைத்த முகாமில் இருந்தார். படுத்த படுக்கையாக இருந்தவர்களுக்குக் கட்டிலில் ஸ்பிரிங் மாட்டிப் பயிற்சி கொடுத்தார் என்று சொல்வார்கள். பிறகு 1920-களில் நியூயார்க் போய்ப் பயிற்சிக்கூடம் வைத்தார். அடிபட்ட நடனக் கலைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவருடைய முறையில் ஹீட்டர் கிடையாது. அறையைச் சூடாக்குவது அவர் காலத்துக்கு வெகு நாள் கழித்து, ஹாட் யோகாவைப் பார்த்துச் சேர்த்துக்கொண்ட பழக்கம்.

அவர் கற்றுக்கொடுத்தது என்னவென்றால், மூச்சோடு சேர்த்து உடம்பின் நடுப்பகுதியை வேலை வாங்குவது. வயிற்றைச் சுற்றி பெல்ட் மாதிரி ஓடும் ஆழமான தசை, முதுகெலும்பை ஒட்டியிருக்கும் சின்னத் தசைகள், மேலே உதரவிதானம், கீழே சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கும் இடுப்புத் தளத் தசை, இந்த நான்கும் சேர்ந்துதான் இடுப்பைப் பிடித்து நிறுத்துகின்றன. நாற்காலியில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இவை வேலையே இல்லாமல் சோம்பிப் போகும். அப்புறம் குனிந்து ஒரு ஃபைலை எடுத்தால்கூடப் பாரம் முழுக்க மூட்டுகளிலும் தசைநார்களிலும் விழும். உங்கள் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம்.

நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பிலாட்டீஸ் உதவுகிறதா என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை 2015-ல் வந்தது. பயிற்சி எதுவும் செய்யாமல் இருப்பதைவிட வலியும் முடக்கமும் குறைகின்றன என்றது அது. மற்ற உடற்பயிற்சிகளைவிட இதுதான் உசத்தி என்று அது சொல்லவில்லை. என் அனுபவமும் அதேதான். நடை, நீச்சல், யோகா, பிலாட்டீஸ், எதை விடாமல் செய்கிறார்களோ அது அவர்களுக்குப் பலன் தருகிறது. மகளோடு சேர்ந்து செய்ய உங்களுக்கு ஆசை வந்திருக்கிறது என்பதாலேயே நான் இதற்குச் சரி சொல்கிறேன்.

இந்த ஆய்வுகளெல்லாம் சாதாரண அறையில் செய்த பிலாட்டீஸைப் பற்றியவை. சரி, சூடு என்ன செய்கிறது?

சூட்டில் தசையும் அதைச் சுற்றியுள்ள சவ்வும் நெகிழும். மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய் வெயிலில் வைத்ததும் இளகுவது மாதிரிதான். விறைத்த உடம்போடு வருபவர்களுக்கு முதல் நாளே 'அட, இவ்வளவு வளைகிறதே' என்று தோன்றும். இதயம் வேகமாக அடிக்கும். தசைக்கும் ரத்தம் போக வேண்டும், உடம்பைக் குளிரவைக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டும், இரண்டையும் அதே இதயம்தான் பார்த்தாக வேண்டும். அதனால் மெதுவான பயிற்சிகூடக் கொஞ்சம் வேகமான பயிற்சி போல ஆகிவிடுகிறது. ஒன்றிரண்டு வாரம் பழகினால் உடம்பு சூட்டுக்கு ஈடுகொடுக்கக் கற்றுக்கொள்ளும். வேர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், அதில் உப்பு குறையும், ரத்தத்தில் திரவ அளவு கூடும், அதே வேலைக்கு நாடித்துடிப்பு முன்பைவிடக் குறையும். இது உண்மையான நன்மைதான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. சூட்டில் கிடைக்கும் அந்தக் கூடுதல் வளைவு உங்கள் சொந்த வளைவு கிடையாது. அதை நம்பி அதிகமாக நீட்டிவிட்டால் தசைநார் இழுத்துக்கொள்ளும். வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாள் காலையில்தான் தெரியும். இடுப்பு வலிக்காரர்கள் இதை மறக்கக் கூடாது.

ஹாட் பிலாட்டீஸ் பற்றித் தனியாக ஆய்வு குறைவு. அதன் மூத்த சகோதரி மாதிரியான ஹாட் யோகாவில் நல்ல ஆய்வுகள் உண்டு. உடலுழைப்பு இல்லாத நடுவயதுக்காரர்களை வைத்து அமெரிக்காவில் டெக்சாஸில் 12 வாரம் நடந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. ஒரு குழு 40 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலான சூட்டிலும், இன்னொரு குழு 23 டிகிரி அறையிலும் ஒரே ஆசனங்களைச் செய்தார்கள். ரத்தக் குழாய் விரிந்து கொடுக்கும் தன்மை சாதாரண அறையில் செய்தவர்களுக்கும் மேம்பட்டது. சூடு அதற்கு மேல் எதையும் கூட்டியதாகத் தெரியவில்லை.

மனசுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இடுப்பு வலியைவிட அந்தப் படபடப்பும் தூக்கமின்மையும்தான். மிதமானது முதல் கடுமையானது வரை மனச்சோர்வு உள்ள 80 பேரை வைத்து மாசசூசெட்ஸில் நடந்த ஹாட் யோகா ஆய்வு 2023-ல் வெளிவந்தது. எட்டு வாரத்தில், யோகா செய்தவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் பாதிக்கு மேல் குறைந்தன. ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களில் அது 6 சதவீதம்தான். படிக்கும்போது மனசுக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் சூடில்லாத அறையில் அதே யோகாவைச் செய்த குழு ஒன்று அந்த ஆய்வில் இல்லை. அதனால் இந்தப் பலனில் சூட்டின் பங்கு எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

எனக்கு நன்றாகத் தெரிந்த காரணங்கள் வேறு. பிலாட்டீஸில் மூச்சை எண்ண வேண்டும். 'ஹண்ட்ரட்' என்ற பயிற்சியில் ஐந்து எண்ணி உள்ளே, ஐந்து எண்ணி வெளியே, இப்படிப் பத்து சுற்று. அதே நேரம் வயிறு தளர்ந்துவிடாமல் பார்க்க வேண்டும், கழுத்து இறுகாமல் பார்க்க வேண்டும். ஆபீஸ் பாக்கியையும் மாமியாரின் மருந்துச் சீட்டையும் நினைக்க அப்போது மனசில் இடமிருக்காது. நிதானமாக மூச்சை வெளியே விடும்போது, உடம்பை அமைதிப்படுத்தும் நரம்பு மண்டலம் மேலோங்கி நாடித்துடிப்பு இறங்கும். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், யாரும் 'அம்மா' என்று கூப்பிடாத ஒரு நேரம் உங்களுக்கென்று கிடைக்கும். குடும்பத்துப் பெண்களுக்கு இதைவிடப் பெரிய மருந்து குறைவு என்பது என் உறுதியான எண்ணம்.

சூடான அறை இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் போகும். சிலருக்கு அந்த வெக்கையில் வேறு எதையும் நினைக்க முடியாததே நிம்மதி. வெளியே வந்து காற்று படும்போது ஒரு தெளிவு வரும், உங்கள் மகள் சொல்லும் லேசான உணர்வு அதுதான். ஆனால் ஏற்கெனவே படபடப்பு உள்ளவர்களுக்கு, இதயம் வேகமாக அடிப்பது, முகம் சிவப்பது, மூச்சு முட்டுவது எல்லாமே பயம் வரும்போது தோன்றும் அதே அறிகுறிகள். உள்ளே போன சில நிமிடத்திலேயே 'எனக்கு என்னவோ ஆகிறது' என்று பதறிவிடுவார்கள். உங்களுக்கு இப்போது திடீர் திடீரென்று உடம்பு சூடாகிறது. மாதவிலக்கு நிற்கப் போகும் காலத்தில் உடம்பின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி, சின்ன மாற்றத்துக்கே பெரிதாக எதிர்வினை காட்டும். அந்த நிலையில் வெளிச்சூட்டையும் சேர்ப்பது உங்களுக்கு ஒத்துவராது.

தூக்கத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெந்நீரில் குளித்தால் தூக்கம் சீக்கிரம் வருகிறது என்பது நிரூபணமான விஷயம். சூடான உடம்பு அதன் பிறகு குளிர்கிறது, அந்த இறக்கத்தில்தான் தூக்கம் வருகிறது. ஆனால் கத்திரி வெயில் காலத்தில் நம் வீட்டுக் கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணி வரைக்கும் இறக்கிக்கொண்டிருக்கும். இங்கே உடம்பு எப்படிக் குளிரும்? சாயங்காலம் வேர்க்க வேர்க்கச் செய்துவிட்டுப் படுத்தால் புரண்டுகொண்டுதான் இருப்பீர்கள்.

இப்போது நம் ஊர் வெயிலுக்கு வருகிறேன். ஹாட் பிலாட்டீஸ் அறைகளைப் பெரும்பாலும் 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 செல்சியஸ் அளவில் வைப்பார்கள், ஈரப்பதம் 40 சதவீதம் அளவில். ஹாட் யோகாவுக்கு 105. செய்தியில் 'வேலூரில் இன்று 106 டிகிரி' என்று வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது நிழலில் எடுக்கிற கணக்கு. சித்திரை வைகாசியில் வீட்டுக் கூடத்திலேயே ஹீட்டர் இல்லாமல் 95 வந்துவிடுகிறது. ஷீட் கூரைக்குக் கீழே, ஜன்னல் சாத்திய அறையில், மத்தியானம் இரண்டு மணிக்கு அதைவிட எவ்வளவோ மேலே போய்விடும். தெர்மாமீட்டர் ஒன்று வைத்துப் பாருங்கள். வெளிச்சூடு நம் தோலின் சூட்டைத் தாண்டிவிட்டால் உடம்புக்கு இருக்கும் ஒரே வழி வேர்வை ஆவியாவதுதான். சாத்திய அறையில் இரண்டு பேர் வேர்க்கும்போது காற்றில் ஈரம் ஏறிவிடும், வேர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகும், உடம்பின் உள்சூடு ஏறிக்கொண்டே போகும். அது 40 செல்சியஸைத் தாண்டி, புத்தி தடுமாறினால் அதுதான் ஹீட் ஸ்ட்ரோக், உயிருக்கே ஆபத்து. சென்னையில் மகள் போகும் இடத்தில் சூட்டுக்கு ஒரு வரம்பு இருக்கிறது, காற்றோட்டத்துக்கு ஏற்பாடு இருக்கிறது, கவனிக்க ஆள் இருக்கிறது. மாடி அறையில் இது எதுவும் இல்லை.

உங்கள் பிபி மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்ற பெயர் ஏதாவது அதில் இருந்தால், அது நீரைப் பிரித்து வெளியேற்றும் மருந்து. ஏற்கெனவே உடம்பில் நீரும் உப்பும் குறையும், வேர்வையில் இன்னும் போகும், படுத்துப் பயிற்சி செய்துவிட்டு எழும்போது தலை சுற்றி விழலாம். அட்டெனலால், மெட்டோபிரலால் வகை மாத்திரைகள் இதயத் துடிப்பு ஏறாமல் பிடித்து வைக்கும், சூட்டைச் சமாளிக்கத் தேவையான வேகம் கிடைக்காது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அட்டையோடு மருத்துவரிடம் போய் 'உடற்பயிற்சி தொடங்குகிறேன், கோடையில் இதில் மாற்றம் வேண்டுமா' என்று கேளுங்கள். படபடப்புக்குத் தைராய்டும் ரத்தசோகையும்கூடக் காரணமாக இருக்கலாம், அந்த ரத்தப் பரிசோதனைகளையும் அப்போதே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், நாள்பட்ட சர்க்கரையால் நரம்பு பாதித்தவர்கள் யாரும் சூடான அறைப் பக்கமே போக வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்லும் முறை இது. காலை ஐந்தே முக்கால் அல்லது ஆறு மணி, ஜன்னல் திறந்த கூடம், மின்விசிறி ஓடட்டும். எழுந்தவுடனே வேண்டாம். ராத்திரி முழுக்கப் படுத்திருந்ததில் முதுகுத்தண்டின் தட்டுகள் நீர் ஏறி உப்பியிருக்கும், முதல் ஒரு மணி நேரம் ஆழமாகக் குனிவது அவற்றுக்குச் சுமை. வாசல் தெளித்து, காபி போட்டு, கொஞ்சம் நடமாடிவிட்டுத் தொடங்குங்கள். கோரைப் பாய் வழுக்கும், ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டாலே போதும்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். விலா எலும்பு பக்கவாட்டில் விரியும்படி மூக்கால் மூச்சை இழுங்கள். வாயால் மெதுவாக விடும்போது, சிறுநீரை அடக்குவது போலக் கீழ்த் தசையை மேலே இழுத்து, தொப்புளுக்குக் கீழே வயிற்றை லேசாக உள்ளே வாங்குங்கள். மூச்சை அடக்கக் கூடாது, பிபி உள்ளவர்களுக்கு இது கட்டாய விதி. முதல் வாரம் முழுக்க இது ஒன்றை மட்டும் செய்தாலும் நான் சந்தோஷப்படுவேன், ஏனென்றால் மற்ற எல்லாப் பயிற்சியும் இதன் மேல்தான் நிற்கிறது. இது பிடிபட்டதும், மூச்சை விட்டபடி இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குவது, ஒவ்வொரு காலாகத் தூக்கித் தரையைத் தொட்டு எடுப்பது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, மண்டியிட்டுக் கைகளை ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. ஒவ்வொன்றும் எட்டு முறை. வீடியோவில் வரும், படுத்தபடியே சுருண்டு எழுந்து உட்காரும் பயிற்சியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் வயதில் எலும்பு அடர்த்தி குறையத் தொடங்கும், முதுகைச் சுருட்டும் பயிற்சிகளுக்கு முன்னால் யாராவது ஒரு பிசியோவிடம் நேரில் காட்டுங்கள்.

நேரில் காட்ட நம் ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும், சக்கர நாற்காலியில் இருந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் முன்னின்று நடத்திய மறுவாழ்வு மையம் பாகாயத்தில் 1966-ல் தொடங்கியது. படுத்தவரை உட்கார வைப்பது, உட்கார்ந்தவரை நிற்க வைப்பது, எல்லாமே மூச்சிலும் நடுவுடம்பிலும்தான் ஆரம்பிக்கும் என்பதை இந்த ஊர் பல தலைமுறை நோயாளிகளிடம் பார்த்திருக்கிறது. வீடியோவை மட்டும் நம்பாமல் ஒருமுறை கைபட்டுத் திருத்திக்கொண்டால், அந்தத் திருத்தம் வருடக்கணக்கில் கூட வரும்.

எடை பற்றிக் கேட்டீர்கள். சூடான அறையில் ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ குறைந்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர், குடித்தவுடன் திரும்ப வந்துவிடும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும், வேர்வைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எடை குறையப் பிலாட்டீஸ் மட்டும் போதாது. பயிற்சி இல்லாத நாட்களில் அரை மணி நேரம் வேகமாக நடங்கள், கோட்டைப் பக்கம் காலையில் துணைக்கு ஆள் கிடைக்கும். ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறையுங்கள். பயிற்சிக்குப் பிறகு தண்ணீரோ, கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றியோ குடியுங்கள். பிபி இருப்பதால் உப்பை அள்ளிப் போட வேண்டாம், ஊறுகாயும் வேண்டாம்.

உங்கள் மகள் அவள் வகுப்பைத் தொடரலாம். ஆரோக்கியமான சின்ன வயதுக்காரர்களுக்கு வாரம் இரண்டு மூன்று நாள் சூடான அறை கெடுதல் செய்யாது. வகுப்புக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்லுங்கள், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் அளவுக்கு, ஒரே மூச்சில் குடிக்காமல், சில மணி நேரத்தில் பிரித்துக் குடிக்கட்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கும் நாளிலும், ராத்திரி தூங்காத மறுநாளும் போக வேண்டாம். தலைவலி, குமட்டல், கண் இருட்டுவது, அந்தச் சூட்டிலும் உடம்பு சில்லிட்டு மயிர்க்கூச்செறிவது, இதில் எது வந்தாலும் வகுப்பு முடியும் வரை காத்திராமல் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஆறு வாரம் கழித்தும் இடுப்பு வலி குறையாவிட்டால், அல்லது நடுவில் எப்போதாவது வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு ஸ்கேன் அறிக்கையோடு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் விஷயம் என்றால் அன்றைக்கே போக வேண்டும்.